சட்டைப்பையில் மடக்குக் கத்தி: '9 அங்குல விதி' காப்பாற்றுமா?

ஹைதராபாத்: பார்சல் பிரிக்க, பழம் நறுக்க, சணல் கயிறு அறுக்க, பென்சில் சீவ என அன்றாடத்தின் சிறு வேலைகளுக்குப் பயன்படுவது மடக்குக் கத்தி. முந்தைய தலைமுறையினர் இதைப் பேனாக்கத்தி என்று அழைத்தனர். இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்காக வந்த கருவி என்பதால் அந்தப் பெயர். இறகுப் பேனா மறைந்த பிறகும் கத்தி மட்டும் மேசை இழுப்பறையிலும் சாவிக்கொத்திலும் தங்கிவிட்டது.

இன்று இதை வாங்க விரும்புபவருக்குத் தேர்வுகள் ஏராளம். ஹைதராபாத்தின் பேகம் பஜார் பாத்திரக் கடைகள், செகந்திராபாத் ராணிகஞ்ச் வன்பொருள் கடைகள் தொடங்கி இணையவழி விற்பனைத் தளங்கள் வரை பல நீளங்களில், பல விலைகளில் கத்திகள் கிடைக்கின்றன. எது சட்டப்படி சரி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வருகிறது: "9 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை."

இந்தப் பதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அறியாமல் வாங்கப்படும் கத்தி, விமான நிலையத்தில் பறிபோகலாம். பதற்றமான நாளொன்றில் காவல் சோதனையில் சிக்கினால் அதன் உரிமையாளர் காவல் நிலையம் வரை செல்ல நேரிடலாம். எனவே கத்தியின் கூர்மையையும் விலையையும் பார்ப்பதற்கு முன், அது எங்கே, எதற்காக விரிக்கப்படப் போகிறது என்பதை முடிவு செய்வது அவசியமாகிறது.

9 அங்குலம் எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் ஆயுதங்களை ஒழுங்குபடுத்துவது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன் கீழ் 2016இல் புதிய ஆயுத விதிகள் வகுக்கப்பட்டன. அந்த விதிகளின் முதல் அட்டவணையில், துப்பாக்கி அல்லாத ஆயுதங்களுக்கான ஐந்தாம் வகையில் வாள், குத்துவாள், ஈட்டி, போர்க்கோடரி ஆகியவற்றுடன் கத்தியும் இடம்பெறுகிறது. அலகின் நீளம் 9 அங்குலத்துக்கு மேல், அதாவது 22.86 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அல்லது அகலம் 2 அங்குலத்தைத் தாண்ட வேண்டும் என்பது அங்கே குறிப்பிடப்பட்டுள்ள அளவுகோல். வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில்துறை ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. தேங்காய் வெட்டும் அரிவாளும் கசாப்புக் கடைக் கத்தியும் நீளமாக இருந்தும் உரிமமின்றி விற்கப்படுவது இதனால்தான்.

ஆக, கடைக்காரர் சொல்லும் அளவு விதிப் புத்தகத்தில் உள்ளதே. ஆனால் அது ஆயுதங்களை வகைப்படுத்துவதற்கான அளவு. அதற்குக் குறைந்த எதையும் எங்கும் எடுத்துச் செல்லலாம் என்ற அனுமதிச் சீட்டு அல்ல. இந்த வேறுபாடுதான் பலரும் தவறவிடும் இடம்.

சட்டத்தின் வரையறைப் பகுதியைப் படித்தால் இது மேலும் தெளிவாகும். தாக்குவதற்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட பொருள் எதுவும் 'ஆயுதம்' என்கிறது சட்டம். வீட்டு உபயோகத்துக்காகவோ விவசாயத்துக்காகவோ மட்டுமே வடிவமைக்கப்பட்டவை அதில் சேரா. எடுத்துக்காட்டாகச் சட்டம் குறிப்பிடுவது லத்தியையும் சாதாரண கைத்தடியையும். ஆகவே நீளம் எவ்வளவு என்ற கேள்விக்கு முன்பாக, இது எதற்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வி நிற்கிறது. ஆப்பிள் தோல் சீவுவதற்கென்று செய்யப்பட்ட மரப்பிடிக் கத்திக்கும், கறுப்புப் பூச்சும் இருபுறக் கூரும் கொண்டு போர்க்கருவியின் தோற்றத்தில் விற்கப்படும் கத்திக்கும் அலகு நீளம் ஒன்றாகவே இருக்கலாம். சோதனை செய்யும் காவலரின் கண்ணில் அவை ஒன்றல்ல.

இத்துடன் அதே சட்டத்தின் 4வது பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு பகுதியின் சூழ்நிலையைக் கருதி, பொதுநலன் அடிப்படையில், அங்கு குறிப்பிட்ட வகை ஆயுதங்களை வைத்திருப்பதற்கும் உரிமம் தேவை என மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கலாம். அதாவது ஊர் மாறினால் விதியும் மாறக்கூடும்.

ரயில் ஏறினால் மாறும் கணக்கு

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு டெல்லி. 1980ஆம் ஆண்டு அக்டோபரில் டெல்லி நிர்வாகம் வெளியிட்ட அறிவிக்கை, மூன்று வகைக் கத்திகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஸ்பிரிங் விசையால் விரிபவை, பொத்தானை அழுத்தினால் விரியும் 'பட்டன்தார்' கத்திகள், விரியும்போது பற்சக்கரம் போல் கடகடவென ஒலிக்கும் 'கராரிதார்' கத்திகள் ஆகியவை அவை. வேறு இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்திகளும் அதில் அடங்கும். அலகின் நீளம் 7.62 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல், அகலம் 1.72 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்பது அங்கே வரம்பு.

7.62 சென்டிமீட்டர் என்பது சரியாக 3 அங்குலம். 9 அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஹைதராபாத்திலிருந்து புதுடெல்லி செல்லும் தெலங்கானா எக்ஸ்பிரஸில் ஏறும் ஒருவர், பையில் 4 அங்குலப் பொத்தான் கத்தியை மறந்து வைத்திருந்தால், இறங்கும்போது வேறொரு சட்டச் சூழலில் இறங்குகிறார். டெல்லியின் கத்தி வழக்குகளில், பறிமுதல் செய்த கத்தியைத் தாளில் வைத்து வரைந்து, அலகின் நீளம், அகலம், பிடியின் நீளம் ஆகியவற்றைக் காவலர்கள் குறித்துவைப்பது வழக்கம். சில மில்லிமீட்டர் வேறுபாடும் அங்கே பொருள் உடையது.

இந்த அறிவிக்கை இலக்கு வைத்த கத்தி எது என்பதை இந்தித் திரைப்படங்கள் பார்த்தவர்கள் எளிதில் ஊகிப்பர். உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் நகரில் உருவான ராம்பூரி கத்தி, பல பத்தாண்டுகளாகத் திரை வில்லன்களின் கையில் ஒலி எழுப்பியபடி விரிந்தது. கைவினைத் திறனில் உயர்ந்த அந்தத் தொழில், சட்டக் கட்டுப்பாடுகளுக்குப் பிறகு பெரிதும் சுருங்கிவிட்டது.

ஹைதராபாத்தின் நிஜாம் காலச் சட்டம்

ஹைதராபாத்துக்கும் தனக்கென்று ஒரு விதி உண்டு. 'ஹைதராபாத் நகரக் காவல் சட்டம், 1348 ஃபஸ்லி' என்பது அதன் பெயர். ஃபஸ்லி என்பது நிஜாம் ஆட்சியில் வழங்கிய வருவாய் ஆண்டுக் கணக்கு. 1348 ஃபஸ்லி ஆங்கில ஆண்டில் ஏறத்தாழ 1938-39. நிஜாம் ஆட்சி முடிந்து, மாநிலங்கள் பிரிந்து சேர்ந்து மீண்டும் பிரிந்த பிறகும் இந்தச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

இதன் 22வது பிரிவின் கீழ், வாள், ஈட்டி, தடி, கத்தி போன்ற, வன்முறைக்குப் பயன்படக்கூடிய பொருட்களைப் பொது இடங்களில் எடுத்துச் செல்வதைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தடை செய்ய நகரக் காவல் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. பெரிய ஊர்வலங்கள், போராட்டங்கள் போன்ற சமயங்களில் இத்தகைய உத்தரவுகள் வெளியிடப்படுகின்றன. நாடு முழுவதற்கும் பொதுவான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163வது பிரிவும், அதாவது பழைய 144 தடை உத்தரவின் இன்றைய வடிவமும், இதே நோக்கத்துக்குப் பயன்படக்கூடியது. அவ்வகை உத்தரவு பொதுவாக இரண்டு மாதங்களுக்கு மேல் நீடிக்காது. மாநில அரசு விரும்பினால் நீட்டிக்கலாம்.

இத்தகைய தடை உத்தரவில் 'கத்தி' என்று பொதுவாகச் சொல்லப்பட்டிருந்தால், தன் கத்தி 9 அங்குலத்துக்குக் குறைவு என்று காவலரிடம் வாதிடுவதில் பயனில்லை. வாக்குப்பதிவு நாளிலும் கவனம் தேவை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வாக்குச்சாவடியின் அருகே ஆயுதத்துடன் செல்வதைக் குற்றமாக்குகிறது. பேனாக்கத்தி அந்த வரையறைக்குள் வருமா என்ற விவாதத்தை வாக்குச்சாவடி வாசலில் நடத்துவதைவிட, அன்று அதை வீட்டு மேசையில் வைத்துவிட்டுச் செல்வது எளிது.

ஆயுதம் தரித்த உடை ஹைதராபாத்துக்குப் புதிதல்ல என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது. நிஜாமின் படையில் பணியாற்ற ஏமனின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து வந்த அரபியர் குடியேறிய இடமே இன்றைய பார்க்காஸ். 'பாரக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபே அப்பெயர். அவர்களது இடையில் செருகிய வளைந்த ஜம்பியா, அந்தஸ்தின் அடையாளமாக இருந்தது. மர்ஃபா மேளத்துடன் ஆடும் ஆட்டங்களில் அதன் சாயலை இன்றும் காணலாம். ஆனால் ஜம்பியா உடையின் அங்கம். பேனாக்கத்தி ஒரு கருவி. சட்டைப்பைக்கு வேண்டியது இரண்டாவது.

ஷம்ஷாபாத்தில் விடைபெறும் கத்திகள்

மடக்குக் கத்தி வைத்திருப்பவர்கள் அதைப் பறிகொடுக்கும் வாய்ப்பு மிகுந்த இடம் விமான நிலையம். ஷம்ஷாபாத்தில் உள்ள ராஜீவ் காந்தி சர்வதேச விமான நிலையத்தில் பயணிகளைச் சோதிப்பது மத்திய தொழில் பாதுகாப்புப் படை. கைப்பையில் கத்திக்கு அனுமதி இல்லை. சாவிக்கொத்தில் தொங்கும் விரல் நீளக் கத்தியும் இதில் அடக்கம். சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வைத்தால் சிக்கல் இல்லை. ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு வந்த பிறகு நினைவுக்கு வந்தால், பெட்டி ஏற்கெனவே உள்ளே சென்றிருக்கும். அந்நிலையில் கத்தியை அங்கேயே விட்டுச் செல்வதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழி இருப்பதில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 25வது பிரிவின் விளக்கம், கிர்பான் அணிவதைச் சீக்கிய மதத்தின் அங்கமாக ஏற்கிறது. அதன்படி உள்நாட்டு விமானங்களில் சீக்கியப் பயணிகள் மொத்த நீளம் 9 அங்குலத்துக்கும் அலகு 6 அங்குலத்துக்கும் மிகாத கிர்பானுடன் பயணிக்கலாம். இந்தச் சலுகையைக் காட்டிப் பிறர் தம் கத்திக்கு அனுமதி கேட்க இயலாது.

மெட்ரோ நிலையங்கள், நீதிமன்றங்கள், பெரிய வணிக வளாகங்கள், தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள் ஆகியவற்றின் வாசலிலும் பை சோதனை உண்டு. அந்தந்த இடத்தின் விதியே அங்கு இறுதியானது. ஹைடெக் சிட்டியில் பணிபுரிபவர் தினமும் மெட்ரோவில் சென்று வருபவராக இருந்தால், கத்திக்குப் பதில் ஒரு சிறிய மழுங்கு முனைக் கத்தரிக்கோலே அவரது பெரும்பாலான தேவையைத் தீர்த்துவிடும். கத்தி வாங்க எண்ணுபவர் முதலில் பரிசீலிக்க வேண்டிய மாற்று இதுதான்.

நீளம், பூட்டு, திறக்கும் விதம்

அப்படியும் கத்தி தேவை என்றால், அலகின் நீளம் 6 முதல் 7 சென்டிமீட்டர் வரை இருந்தால் போதுமானது. ஓர் ஆப்பிளைப் பிளக்க, அட்டைப்பெட்டியின் நாடாவைக் கிழிக்க, கயிறு அறுக்க இதற்கு மேல் நீளம் தேவைப்படுவதில்லை. 7.62 சென்டிமீட்டருக்குள் நிற்பதில் இன்னொரு வசதியும் உண்டு. டெல்லி வரம்புக்கும் அது உட்பட்டது. பிரிட்டனின் விதிக்கும் உட்பட்டது. பிரிட்டனில், பூட்டு இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்கிறது 1988ஆம் ஆண்டுச் சட்டம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை இல்லை. லண்டனிலோ லெஸ்டரிலோ உள்ள உறவினருக்குப் பரிசாகக் கத்தி வாங்கிச் செல்பவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது. சிங்கப்பூரில் சட்டபூர்வமான நோக்கமின்றிப் பொது இடத்தில் தாக்குதல் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். அங்கே சுற்றுலா செல்பவர் கத்தியைத் தங்குமிடத்திலேயே விட்டுவிடலாம்.

அடுத்தது திறக்கும் விதம். நகத்தால் பள்ளத்தைப் பிடித்து இரு கைகளால் விரிக்கும் பழைய முறையே பாதுகாப்பானது. பொத்தான், ஸ்பிரிங், ஒரு கை விசிறலில் விரியும் அமைப்பு ஆகியவை பார்ப்பதற்குக் கவர்ச்சியாக இருக்கலாம். மாம்பழம் வெட்டும் வேலைக்கு அரை நொடி வேகம் எந்தப் பயனும் தருவதில்லை. சோதனையின்போது மட்டும் அது கேள்வியை எழுப்பும்.

பூட்டு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. பூட்டு இல்லாத கத்தியில், பிடியின் முதுகில் உள்ள பட்டை ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகை விரிந்த நிலையில் நிறுத்துகிறது. முனையால் குத்தித் துளையிட முயன்றாலோ, அலகின் முதுகில் அழுத்தினாலோ அது மடங்கி விரலை வெட்டக்கூடும். பூட்டுள்ள கத்தியில் இந்த அபாயம் குறைவு. தோட்ட வேலை, மின்வேலை, தச்சு வேலை செய்பவர்களுக்குப் பூட்டு உண்மையான பாதுகாப்பு. பழமும் பார்சலும் மட்டுமே வெட்டுபவருக்குப் பூட்டற்ற கத்தி போதும். முனையால் குத்துவதைத் தவிர்க்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.

பூட்டு அமைப்புகளில் மிக எளிமையானது பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் தோன்றிய ஓப்பினெல் கத்தியினுடையது. மரப்பிடியின் கழுத்தில் உள்ள உலோக வளையத்தைத் திருப்பினால் அலகு நகராது. இந்த வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது. விவசாயிகளின் கைக்கருவியாகப் பிறந்த அந்தக் கத்தியில் இன்றும் ஒரே அலகு, ஒரே பிடி. அதன் மிகப் பிரபலமான 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர் என்பதால், மேலே சொன்ன 3 அங்குலக் கணக்கில் அது சற்று வெளியே நிற்கிறது. மரப்பிடி ஈரத்தில் உப்பி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் மழைக்கால வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இரும்பில் என்ன இருக்கிறது?

கத்தி விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படுவது எஃகின் பெயர். வாங்குபவரைக் குழப்புவதும் அதுவே. உண்மையில் இரண்டு பொருட்களின் அளவை அறிந்தால் பெரும்பகுதி புரிந்துவிடும். ஒன்று கரிமம், மற்றொன்று குரோமியம். கரிமம் கூடினால் எஃகைக் கடினமாக்க முடியும், கூர் நீடிக்கும். ஆனால் நொறுங்கும் தன்மையும் கூடும். குரோமியம் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டைத் தாண்டினால் துருப்பிடிக்காத எஃகு என்று பெயர். 440சி என்ற எஃகில் கரிமம் சுமார் 1 விழுக்காடும் குரோமியம் 16 முதல் 18 விழுக்காடும் இருக்கும். டி2 எனப்படும் கருவி எஃகில் கரிமம் சுமார் 1.5, குரோமியம் சுமார் 12. கூர் நன்றாக நிற்கும், ஆனால் ஈரத்தில் விட்டால் புள்ளிப் புள்ளியாகத் துரு ஏறும்.

கரிமக் கணக்கு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தெலங்கானாவின் நிஜாமாபாத் மாவட்டத்தில் உள்ள கோனசமுத்திரம், மூசையில் உருக்கிய உயர்கரிம எஃகுக்குப் பெயர்பெற்ற ஊர். அந்த எஃகை வாங்கப் பாரசீக வணிகர்கள் அவ்வூர் வரை வந்ததை நிலவியலாளர் ஹென்றி வாய்சி பதிவு செய்துள்ளார். அவரது குறிப்பு 1832இல் வங்காள ஆசியச் சங்க இதழில் வெளியானது. ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றழைத்த அந்த எஃகின் பெயர், 'உக்கு' என்ற தென்னிந்தியச் சொல்லின் திரிபாகக் கருதப்படுகிறது. தமிழின் 'உருக்கு' அதன் உறவுச் சொல். தமிழகத்தின் கொடுமணல் அகழாய்வுகளிலும் எஃகு உருக்கியதற்கான தடயங்கள் கிடைத்துள்ளன.

இன்றைய வாங்குபவருக்குத் தேவையானது அவ்வளவு கடினமான எஃகு அல்ல. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கத்தி அலகுகள் ராக்வெல் அளவுகோலில் சுமார் 56 என்ற மிதமான கடினத்தன்மை கொண்டவை. விலையுயர்ந்த கத்திகள் 60ஐத் தாண்டும். 60க்கு மேற்பட்ட அலகு மழுங்கினால் வீட்டுச் சாணைக்கல்லில் தீட்டுவது கடினம்; வைரத் துகள் பதித்த தட்டு வேண்டியிருக்கும். 56 அளவில் உள்ள அலகு விரைவில் மழுங்கும். ஆனால் சமையலறைக் கல்லில் ஐந்து நிமிடத்தில் மீண்டும் கூராகும். வீட்டில் தீட்டத் தெரிந்தவருக்கு இரண்டாவதே சிறந்த தேர்வு.

தட்பவெப்பமும் முடிவைத் தீர்மானிக்கும். தக்காணப் பீடபூமியின் வறண்ட காற்றில், மழைக்காலம் நீங்கலாக, துருப்பிடிக்கும் கரிம எஃகும் ஓரளவு தாங்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் அதே அலகு ஒரு வாரத்தில் பழுப்பேறும். அத்துடன் எலுமிச்சை, மாங்காய், புளி ஆகியவற்றின் அமிலம் கரிம எஃகைக் கறுக்கச் செய்யும். நறுக்கிய காயிலும் இரும்பு வாடை ஏறும். சட்டைப்பையில் வியர்வையும் சேர்கிறது. ஆகவே பெரும்பாலான தமிழ் வாசகர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகே பொருத்தம்.

கடையில் பார்க்க வேண்டியவை

கத்தியை வாங்கும் முன் கையில் எடுத்துப் பார்ப்பது, இணையத்தில் பத்துப் படங்கள் பார்ப்பதைவிட மேலானது. மூடிய நிலையில் மேலிருந்து பார்த்தால் அலகு இரு பக்கச் சுவர்களையும் தொடாமல் நடுவே இருக்க வேண்டும். விரித்து, பிடியை ஒரு கையிலும் அலகின் தட்டையான பகுதியை மறு கையிலும் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. மடக்கும்போது ஸ்பிரிங் உறுதியாக இழுத்து மூட வேண்டும். தொளதொளவென்று விழும் அலகு பையிலேயே திறந்துகொள்ளும். எடை 100 கிராமைத் தாண்டினால் சில நாட்களில் அது பையிலிருந்து இழுப்பறைக்குச் சென்றுவிடும். சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையும் கொண்ட போலிகள் சந்தையில் உண்டு என்பதால், பெரிய அலகின் அடியில் நிறுவனத்தின் பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்கலாம்.

வாங்கிய பின் பலரும் செய்யும் பிழை, தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பது. அரிவாள்மனைக்கும் கொடுவாளுக்கும் அவரது சுழல் கல் ஏற்றது. மடக்குக் கத்தியின் மெல்லிய விளிம்போ, தீப்பொறி பறக்கும் அந்த வெப்பத்தில் பதம் இழந்துவிடும். விளிம்பு நீலமாக மாறினால் எஃகு மென்மையாகிவிட்டது என்று பொருள். அதன்பின் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. ஈரமான தட்டைக் கல்லில், அலகைக் கல்லிலிருந்து ஏறத்தாழ 20 பாகை சாய்த்து, இரு பக்கமும் சம எண்ணிக்கையில் கையால் தீட்டுவதே சரியான முறை. செங்குத்தில் பாதி 45 பாகை, அதில் பாதி 22.5. அதற்குச் சற்றுக் குறைவாகச் சாய்த்தால் கணக்கு சரியாகிவிடும். இறுதியாகப் பழைய தோல் பெல்ட்டில் நாலைந்து முறை இழுத்தால் பிசிறு நீங்கும். மூட்டில் தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். நாளடைவில் பிசுபிசுப்பாகி அலகை ஒட்டவைக்கும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். ஆனால் பழம் வெட்டும் முன் அலகைத் துடைத்துவிட வேண்டும்.

தற்காப்புக்காக என்றால்?

கத்தி வாங்குவதற்குச் சிலர் சொல்லும் காரணம் தற்காப்பு. இரவுப் பணி முடிந்து தனியே வீடு திரும்பும் பெண்களுக்கு இதைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. அச்சம் உண்மையானது, ஆனால் அதற்கு மடக்குக் கத்தி தவறான விடை.

முதலாவதாக, தற்காப்புக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லும் நொடியில், அந்தக் கருவியை ஆயுதத்தின் வரையறைக்கு அருகே கொண்டுசெல்பவர் அதன் உரிமையாளரே. பழம் வெட்ட என்ற விடைக்கும் இதற்கும் சட்டத்தின் முன் பெரிய இடைவெளி உண்டு. இரண்டாவதாக, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 118வது பிரிவு, குத்தவோ வெட்டவோ பயன்படும் கருவியால் வேண்டுமென்றே காயம் விளைவிப்பதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. கொடுங்காயம் என்றால் தண்டனை ஆயுள் வரை நீளலாம். தற்காப்பு உரிமையை அதே சட்டம் ஏற்கிறது. ஆயினும் தேவைக்கு மீறிய தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது என்று 37வது பிரிவு கூறுகிறது. இருட்டில், பதற்றத்தில், எது தேவை, எது மீறல் என்று அளந்து கத்தி வீசுவது யாருக்கும் இயலாது.

சட்டத்துக்கு அப்பால் நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. பையில் மடிந்து கிடக்கும் கத்தியை எடுத்து இரு கையால் விரிப்பதற்குள் எதிராளி நெருங்கிவிடுவார்; பயிற்சி இல்லாதவர் கையிலிருந்து அது பறிக்கப்படவும் கூடும். பூட்டற்ற கத்தி குத்தும்போது வைத்திருப்பவரின் விரலையே வெட்டும். ஆபத்தில் இருப்பவர் முதலில் எடுக்க வேண்டியது தொலைபேசி. அவசர உதவி எண் 112. தெலங்கானா காவல்துறையின் பெண்கள் பாதுகாப்புக்கான 'ஷீ டீம்ஸ்' பிரிவும் 2014 முதல் ஹைதராபாத்தில் செயல்படுகிறது.

கத்தி உற்பத்தியாளர்களும் காலத்தின் திசையைக் கவனிக்கத் தொடங்கிவிட்டனர். 1884இல் இபாக் என்ற சுவிஸ் கிராமத்தில் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறையே பின்னாளில் விக்டோரினாக்ஸ் ஆனது. 1897 ஜூன் 12 அன்று அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியின் வழித்தோன்றல்கள்தாம் இன்று உலகெங்கும் சுவிஸ் ராணுவக் கத்தி என்று அறியப்படுகின்றன. படைவீரர்களுக்கு அவர் அளித்த முதல் கத்தி போரிடுவதற்கானது அல்ல. டப்பா உணவைத் திறக்கவும் துப்பாக்கியின் திருகாணியைக் கழற்றவும் பயன்பட்டது. பல நாடுகளில் கத்தி விதிகள் இறுகிவரும் நிலையில், அலகே இல்லாத கைக்கருவியை வடிவமைத்து வருவதாக 2024இல் அந்த நிறுவனத்தின் தலைவர் தெரிவித்தார். மிதிவண்டி ஓட்டுநர்களும் கோல்ஃப் ஆட்டக்காரர்களும் அதன் முதல் வாடிக்கையாளர்களாக எண்ணப்படுகின்றனர்.